நாங்கள் இப்போது ஐந்தாம் மாதம்

விலங்கியலில் பட்டம் வாங்கியவன் நான். எந்த உயிரைக் கண்டாலும் அது என்ன இனம், எங்கே வசிக்கிறது, எதைத் தின்கிறது, எப்போது சத்தம் போடுகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொள்ளும் பழக்கம் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்தது. வேலைதான் சேர்ந்து வரவில்லை, அதைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. போகட்டும். மூன்று வருடம் நான் உருப்போட்ட எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஓர் இனத்தை இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். நீங்கள் அதைப் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட்டின் கதவைக் கையால் அல்ல, முழு உடம்பாலும் தடுத்து நிறுத்தி, "மெதுவா வா, அவசரமே இல்ல" என்று எட்டுப் பேரைக் காக்கவைத்துக்கொண்டிருந்தபோது அதன் முதுகை முறைத்திருப்பீர்கள். பெயர், கர்ப்பிணிக் கணவர்.

மனைவிக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணி, எண்ணிக்கை தப்பி, "இரு, கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போகிற கணவர் வேறு இனம். அவரைப் பற்றி எழுதக் கோபம் வேண்டும். இன்று எனக்குச் சிரிப்புதான் கைவசம் இருக்கிறது.

நம்மவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எதிரே வருகிறவரிடம், வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று சும்மா ஒரு வார்த்தை கேளுங்கள். "நாங்க இப்ப அஞ்சாம் மாசம்" என்று பதில் வந்தால் அவரேதான். வாந்தி நின்றுவிட்டதா என்று கேளுங்கள், "எங்களுக்கு மூணாம் மாசத்தோட நின்னுடுச்சு" என்பார். நீங்கள் அறியாமல் அவருடைய வயிற்றைப் பார்ப்பீர்கள். அங்கேயும் ஐந்து மாதம் தாராளமாகத் தெரியும். ஆனால் அது எட்டு வருடமாக அப்படியே இருக்கிற ஐந்து மாதம்.

என்னிடம் இருக்கும் மாதிரி, என் அக்காவின் கணவர். மாமா. இந்த ஊரில் எனக்கு வேலை கிடைத்ததிலிருந்து அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருக்கிறேன் என்பதால் ஓர் ஆராய்ச்சியாளனுக்குக் கிடைக்கக் கூடாத அளவுக்கு நெருக்கத்தில் ஆராயும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூன்றாம் மாடி வீடு. மாமாவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை, படியில் உருண்டவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள், ஏணியிலிருந்து இறங்காமலேயே தரைக்கு வந்தவர்கள் எல்லாரும் அனுப்பும் விண்ணப்பங்களை உட்கார்ந்த இடத்திலிருந்து படிப்பார். நாற்காலியில் சக்கரம் இருப்பதால் அலமாரிக்குப் போவதற்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் இரண்டு பேர் அவளும் நானும்தான். அவள் ஓடி வாங்கினாள், நான் உட்கார்ந்து வாங்கினேன். கழுத்தில் விசில் தொங்காத அக்காவை நான் கல்யாணப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் கைப்பைக்குள் இருந்தது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

இப்போது யோசியுங்கள். உடற்பயிற்சியே தொழிலாக உள்ள ஒருத்திக்கு, சக்கர நாற்காலியில் அலமாரிக்குப் போகிற ஒருவர், எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுத்தார். இந்த இனத்துக்கு வெட்கம் என்ற உறுப்பு வளர்வதில்லை.

நான்காம் மாதம் மருத்துவர் அம்மா சொன்னது இரண்டே நிமிடம். உடம்பில் வேறு கோளாறு எதுவும் இல்லை, அதனால் பெரும்பாலான நாட்களில் அரைமணி நேரம் நடக்கலாம், நடக்க வேண்டும். குதிக்கிற, விழுகிற, இடி வாங்குகிற விளையாட்டு வேண்டாம். வெயிலில் வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும், இனிமேல் மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சியை விட்டுவிட வேண்டும். வேகம் எவ்வளவு என்றால், நடக்கும்போது பேச முடியணும், பாடுகிற அளவுக்குச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, அதுதான் அளவு. இரத்தப்போக்கு, நீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, நடக்க ஆரம்பிக்கும் முன்பே மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு நேரே இங்கே வர வேண்டும். அவ்வளவுதான். அக்கா தலையாட்டினாள். அவளுடைய படிப்பிலேயே இதெல்லாம் ஒரு பாடம்.

மாமாவுக்கு இரண்டு நிமிடம் போதவில்லை. நான்கு நாள் கைப்பேசியில் தோண்டினார். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு பயத்தை எடுத்துவந்தார். ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டப்பட்டது. நாற்பத்தொரு தடைகள். கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, குனிந்துவிட்டால் சட்டென்று நிமிரக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது, தும்மல் வந்தால் உட்கார்ந்து தும்ம வேண்டும். மருத்துவர் சொன்ன நிஜமான எச்சரிக்கைகள் எல்லாம் முப்பத்தொன்பதாவது எண்ணில், இடம் பற்றாமல் பொடி எழுத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தன. அக்கா அந்த ஒன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசில் வைக்கும் பையில் போட்டுக்கொண்டாள். மற்ற நாற்பதையும் பார்த்து, பட்டியலில் மீன் படம் போட்ட காந்தத்துக்குப் பதில் வேறு காந்தம் வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

விபத்துப் பிரிவு சும்மா இருக்குமா? குளியலறையில் ஒரு மிதியடி இருந்த இடத்தில் நான்கு வந்தன. அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறியதில், அதுவரை யாருமே வழுக்காத அந்த இடத்தில் முதல்முறையாக நான் வழுக்கினேன். மாமா ஓடிவந்து, நான் எழுந்திருக்க உதவாமல், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். சம்பவப் பதிவேடு ஒன்றும் இருந்தது. அலுவலகப் பழக்கம், இடம், நேரம், சாட்சி என்று கட்டம் போட்ட நோட்டு. அதில் நான் எட்டிப் பார்த்த ஒரு வரியை அப்படியே தருகிறேன். "தும்மல், இரண்டு. இடம்: சமையலறை. நிலை: நின்றபடி. சாட்சி: மைத்துனன்."

ஊரிலிருந்து அம்மா போன் செய்தபோது இதையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா அந்தப் பக்கம் சிரித்துவிட்டு, அக்காவை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் மாதம்வரை வயலில் நாற்று நட்டதாகவும், அதற்கெல்லாம் எந்த டாக்டரும் அளவு சொல்லவில்லை என்றும் ஆரம்பித்தாள். அக்கா போனை வாங்கினாள்.

"அது உடற்பயிற்சி இல்லம்மா. முடியலைன்னா நிறுத்திக்கலாம்னு அன்னிக்கு உன்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலடி" என்றாள் அம்மா. பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது. அந்த நாற்றுக் கதையைப் பெருமையாக எழுத நினைத்திருந்த நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சரி, நடைக்கு வருவோம். இந்த இனத்தின் முழு அழகும் நடையில்தான் வெளிப்படும்.

சாயங்காலம் ஆறு மணி. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வட்டமாக நடைபாதை போட்ட பூங்கா. அக்கா ஒரு ஜோடி ஷூவை மாட்டிக்கொண்டு புறப்படுவாள், அவளுடைய தயாரிப்பு அவ்வளவுதான். மாமாவின் தோளில் ஒரு பை. அதில் மூன்று தண்ணீர் பாட்டில், குடை, இரண்டு துண்டு, மருத்துவமனைக் கோப்பு, சம்பவப் பதிவேடு. கையில் மடக்கு நாற்காலி. நடக்க ஆரம்பித்ததும் அவர் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். முன்னே ஓடிக் கூழாங்கற்களைக் காலால் ஒதுக்குவார், பின்னே வந்து சைக்கிள் பையன்களை அதட்டுவார், பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்ப்பார், மறுபடி முன்னே ஓடுவார். பாதையில் ஒரு நாய் படுத்திருந்தால் அதனிடம் போய்க் குனிந்து, கொஞ்சம் தள்ளிப் படுக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அக்கா ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் குறைந்தது இரண்டு சுற்று தூரம் போய்வந்திருப்பார், அதுவும் நாற்காலியோடு.

இதில் பேச்சுச் சோதனை வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.

"பேசு."

"என்ன பேச?"

"எதையாவது. ஆனா முழு வாக்கியமா பேசு."

"இந்த மனுஷன் வாயை மூடிட்டு வந்தா நான் நிம்மதியா நடப்பேன்."

மாமா நின்று நோட்டை எடுத்தார். "முழு வாக்கியம். திணறல் இல்லை" என்று எழுதிக்கொண்டார். பிறகு, பாட முடியக் கூடாது என்ற பாதியையும் சோதிக்க வேண்டுமல்லவா? பாடச் சொன்னார். பூங்காவில் இருபது பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவரைப் பார்த்தாள், விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். இருபது பேரும் அப்படியே நின்றார்கள். இரண்டு பேர் திரும்பி எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் மாமா, "இப்ப கொஞ்சம் பேசும்மா, பாக்கலாம்" என்பார். இரண்டாம் சுற்றில் அது "பேசு" என்று சுருங்கும். மூன்றாம் சுற்றில் வாயே திறக்காமல், கையை மட்டும் பேசு என்பதுபோல் ஆட்டுவார். இதை நான் கண்ணால் பார்த்தேன். விஞ்ஞானம் படித்தவன் பார்த்துவிட்டு அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நாடித்துடிப்பு எண்ணுகிற வாட்ச் ஒன்றையும் மாமா அக்காவுக்கு வாங்கிவந்தார். அக்கா இரண்டு நாள் கட்டினாள். இந்த மாதங்களில் கை கொஞ்சம் பூரிக்கும், பட்டை அழுத்தித் தடம் விழுந்தது, கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். மருத்துவர் துடிப்பை எண்ணச் சொல்லவில்லை, பேசச் சொன்னார், அது போதும் என்றாள். மாமா வாதாடவில்லை. ஆனால் நோட்டில் துடிப்புக் கட்டம் மட்டும் ஒருநாளும் காலியாக இருக்கவில்லை. அது எப்படி நிரம்புகிறது என்று நான் கேட்கவில்லை. பதிவேடு என்றால் நிரம்பத்தானே செய்யும்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் குறுக்கே வந்தது.

அக்காவிடம் நான்கு பெண்கள் இருந்தார்கள். தொடர் ஓட்டக் குழு. ஆறாம் வகுப்பில் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் வந்தவர்களை மூன்று வருடமாக ஓடவைத்து, கோலை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குக் கண்ணால் பார்க்காமல் மாற்றுகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் ஏழு வாரம். தலைமையாசிரியை கூப்பிட்டு, மைதானத்தில் நின்று வேலை செய்யலாம் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தால் போட்டி முடியும்வரை தொடரலாம், வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து விடுப்பு, குழுவைப் புவியியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். புவியியல் ஆசிரியர் நல்ல மனிதர். ஓடுகிற எதையும் அவர் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் ஆறுகளை.

வியாழக்கிழமை மருத்துவமனை. முந்தின நாள் மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டைப் புது நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார், தலைப்புகளுக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம். அக்கா வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு டாக்டர் என்னைக் கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன். நீங்க பேச வேணாம். இந்தக் கடிதம் எனக்கு வேணும்."

"நான் எதுக்குப் பேசப் போறேன்" என்றார் மாமா.

அவள் உள்ளே போனபிறகு நான் கொஞ்சம் நக்கலாகவே, எதற்கு மாமா இத்தனை எழுத்து, படிக்கிறவருக்கே களைத்துவிடும் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"மாப்ள, நான் ஆபீஸ்ல தினமும் படிக்கிற பேப்பர் எல்லாம் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? 'எதிர்பாராத விதமாக'ன்னுதான். ஒருத்தனாவது எதிர்பார்த்திருந்தா அந்தப் பேப்பரே வந்திருக்காது."

அந்த இனத்தின்மேல் எனக்கு இரக்கம் வந்த ஒரே தருணம் அது. அந்த இரக்கம் மறுநாள் காலை பதினொன்றரை மணிக்குப் போய்விட்டது.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மருத்துவர் அம்மா, பசி எப்படி என்று அக்காவைக் கேட்டார். "நல்லா சாப்பிடறோம் டாக்டர்" என்றார் மாமா. தூக்கம்? இடதுபக்கம் படுத்தால் எங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றார். கால் வீக்கம்? எங்களுக்குச் சாயங்காலமானால் லேசாக. அக்கா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள், எங்களுக்கு வலித்த மாதிரி தெரியவில்லை. குழந்தை அசைவது தெரிகிறதா என்று கேட்டபோது மட்டும் மாமா வாயைத் திறந்து, மூடி, அக்காவைத் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் அவர் அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரே கேள்வி அது. "தெரியுது டாக்டர், நல்லாவே" என்றாள் அக்கா. அவள் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம்.

மருத்துவர் எடை பார்த்த அட்டையைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கடிதத்தாளை முன்னே இழுத்தார். பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். அப்போதுதான் மாமா அந்த நோட்டை, குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார்.

"இதையும் ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர். பதினெட்டு நாள் பதிவு."

மருத்துவர் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பேனா மூடப்பட்டது.

"சும்மா உக்காந்திருக்கும்போதே நூத்தி நாலா?"

"ஆமா டாக்டர்."

"மூணாவது சுத்துல நூத்தி அறுபத்தெட்டு. 'கண் லேசாக இருட்டியது. முழங்கால் நடுக்கம். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை.'" அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "இதை ஏன் நீங்க சொல்லவே இல்ல?"

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். நூறு மீட்டர் பந்தயத்தில் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வேறு யாருடைய காலோ தடுக்கி விழுந்தவள் முகம். அப்படி எதுவும் தனக்கு இருந்ததே இல்லை என்றாள். பெரும்பாலான பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் மருத்துவர், எழுதி வைத்திருக்கும்போது நான் எப்படி ஒதுக்குவது என்றார். கடிதம் இருக்கட்டும், முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், முடிவு தெரியும்வரை நடையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று சொல்லி, தேதி எழுதிய தாளைக் கிழித்து ஓரமாக வைத்தார்.

நீங்கள் நினைப்பீர்கள், மாமாவுக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று. இத்தனை நாள் ஃபிரிட்ஜ் கதவில் அவர் வேண்டிக்கொண்டது அதைத்தானே? இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்பத்தொரு தடை எழுதிய மனிதர் அவற்றில் ஒன்றையும் உண்மையில் நம்பவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

மருத்துவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடி பிடித்தார். "எண்பத்து நாலு" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். இரத்த அழுத்தம் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், ஒரு மாடி இறங்கி ஏறி வரச் சொன்னார், எப்போதும் ஏறுகிற வேகத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. நர்ஸ் ஒருத்தியைத் துணைக்கு அனுப்பினார். அக்கா எழுந்தாள். பையும் குடையும் கோப்புமாக மாமாவும் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மனைவி எழுந்தால் எழுவது அந்த இனத்தின் சுபாவம்.

அக்கா இறங்கினாள், திரும்பி ஏறினாள். இருபத்திரண்டு படிகள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் நர்ஸிடம் பேசிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஓடுகிற பெண்ணுக்குக் கோல் வாங்கும்போது தோள் திரும்பிவிடுகிறது, அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் போதும் என்று முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் மாமா வந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில், பீப் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் தேடினோம். நர்ஸ் தன் பையைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன். சத்தம் மாமாவின் சட்டைக் கைக்குள்ளிருந்து வந்தது.

மருத்துவர் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்து, சட்டையை மேலே ஏற்றினார். வாட்ச். திரையில் நூற்று ஐம்பத்தொன்பது சிவப்பாக மினுக்கியது.

"இது எத்தனை நாளா உங்க கையில இருக்கு?"

"பதினெட்டு..." மூச்சு வாங்கினார். "பதினெட்டு நாளா டாக்டர்."

"அப்ப இந்த நோட்டுல இருக்கறது யாரோட துடிப்பு?"

"அவளுக்குப் பட்டை உறுத்துச்சு டாக்டர்." இன்னொரு மூச்சு. "ரெண்டு பேரும் ஒரே பாதை... ஒரே நேரம்... சேந்துதானே நடக்கறோம்னு..."

"கண் இருட்டினது?"

மாமா தரையைப் பார்த்தார்.

"முழங்கால் நடுங்கினது?"

"நாங்க..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் அதற்குமேல் போகவில்லை.

அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டியலில் எத்தனையாவது எண்ணோ, அந்தத் தடையை மீறிப் பலமாகச் சிரித்தாள். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவை உட்காரவைத்து அழுத்தம் பார்த்தார், எண்ணைச் சொல்லாமல் ஒரு முறை தலையை ஆட்டினார். பிறகு இரண்டு தாள் எழுதினார். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. இன்னொன்று மாமாவுக்கு, இதயத்தைப் பார்க்கச் சொல்லி. அதைக் கொடுக்கும்போது சொன்னார்.

"பயப்படாதீங்க, பாத்துக்கலாம். ரிப்போர்ட் சரியா வந்தா தினமும் அரைமணி நேரம் நடங்க. பையும் குடையும் வேணாம். அளவு என்னன்னா, நடக்கும்போது பேச முடியணும்."

"தெரியும் டாக்டர்" என்றாள் அக்கா. "நான் பாத்துக்கறேன்."

ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டு வருடம் உட்கார்ந்தே இருந்ததும், உப்பும்தான். அடுத்த வாரத்திலிருந்து பூங்காவில் காட்சி மாறியது. அக்கா நடக்கிறாள், பக்கத்தில் மாமா வெறுங்கையோடு நடக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில்.

"பேசுங்க."

"என்ன... பேச?"

"முழு வாக்கியமா."

"நாங்க... இப்ப... ஆறாம் மாசம்."

"திணறல் இருக்கு" என்றாள் அக்கா. "மெதுவா நடப்போம்." நான்கு பெண்களையும் மூன்று வருடம் அவள் எப்படித் தயார் செய்திருப்பாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிவைத்து, அதில் ஓட்டப் பயிற்சி நேர அட்டவணை எழுதியிருக்கிறாள்.

மாமாவுக்கு அலுவலகத்தில் நேரமாகிவிட்ட ஒருநாள் அக்காவோடு நடக்க நான் போனேன். இனங்களை வகைப்படுத்துகிறவன், நடுநிலையாளன், அறிவியல் படித்தவன். பூங்கா வாசலில் அவள் ஷூ லேஸ் அவிழ்ந்தது. ஒரு காலைக் கல்மேல் வைத்துக் குனிந்தாள்.

"அக்கா, பாத்து, மெதுவா" என்றேன். என் கை அதற்குள் அவள் முழங்கைக்குக் கீழே போயிருந்தது.

அக்கா நிமிரவில்லை. குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு புது மாதிரியைக் கண்டுபிடித்துவிட்ட விலங்கியலாளரின் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வாசகரே, இந்த இனம் எங்கோ பூங்காவில் நாற்காலி சுமந்துகொண்டு அலைகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இதற்கு மனைவி கர்ப்பமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, கணவராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. நம்ப முடியவில்லையா? ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். "அக்கா இறங்கினாள், திரும்பி ஏறினாள், இருபத்திரண்டு படிகள்" என்று நான் எழுதிய இடத்தில் அவளோடு நர்ஸ் இருந்தாள், கைப்பிடி இருந்தது, மருத்துவரே போகச் சொல்லியிருந்தார். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அந்த வரியைப் படிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது யார்?